மிளகு பிஸ்கற் சுடுவோம்

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் நோர்வேயில் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஓர் அறிவித்தல் வரும். பாலர் பாடசாலையிலிருந்தோ வகுப்பாசிரியரிடமிருந்தோ துண்டுக் கடிதமாக வரலாம், கைத்தொலைபேசியில் செய்தியாகவும் வரலாம். இன்ன நாளில் இன்ன நேரத்தில் ‘பெப்பர்காக்கர்’ சுடப் போகிறோம், பெற்றோரும் வாருங்கள், வீட்டில் உருளைக்கட்டை இருந்தால் கொண்டு வாருங்கள் என்று அதில் இருக்கும். புதிதாக வந்த எம்மவர் பலர் இந்தச் சொல்லை அகராதியில் தேடுவார்கள். ‘மிளகுக் கேக்’ என்று பொருள் வரும். மிளகில் கேக்கா என்று திகைத்து, பிள்ளையை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடுகிற தாய்மாரை நாம் அறிவோம்.

அப்படி இருந்துவிடத் தேவையில்லை. பெயர்தான் கேக். உண்மையில் அது மெல்லிய, மொறுமொறுப்பான, இனிப்பும் உறைப்பும் கலந்த ஒரு பிஸ்கற். அதில் விழுகிற சரக்குகளைப் பாருங்கள்: கறுவா, கராம்பு, வேர்க்கொம்பு, மிளகு, சில வீடுகளில் ஏலக்காய். எங்கள் அம்மம்மாவின் சரக்குப் பெட்டியைத் திறந்து எடுத்தது போல இல்லையா? ஒரு நோர்வேஜியத் தாய்க்கு இந்தச் சரக்குகள் வருடத்தில் ஒரு மாதத்து விருந்தாளிகள். எமக்கோ நாளாந்தம் புழங்குகிற உறவினர். ஆகையால் இந்த ஒரு பலகாரத்தில் நாம் பின்வாங்கி நிற்க எந்தக் காரணமும் இல்லை.

பெயரில் மிளகு வந்ததற்கும் ஒரு கதை உண்டு. ஐரோப்பாவில் முன்னாளில் தூர தேசத்திலிருந்து கப்பலில் வந்த வாசனைச் சரக்குகள் எல்லாவற்றையும் பொதுவாக மிளகு என்றே அழைக்கும் வழக்கம் இருந்தது. ஜேர்மன் மொழியிலும் இதே பொருள்படும் பெயரோடு ஒரு பலகாரம் இருக்கிறது. இன்று சிலர் மிளகே போடாமல் பெப்பர்காக்கர் சுடுகிறார்கள். எம்மைக் கேட்டால், மிளகு போடாதது பெப்பர்காக்கர் அல்ல. நத்தார் படம் போட்ட தகரப் பெட்டியில் அடைத்த வெறும் இனிப்பு.

இந்த மிளகு வட ஐரோப்பாவுக்கு வந்த வழிகளில் ஒன்று தமிழ்க் கரையைத் தொட்டு வந்தது. 1618 இல் டென்மார்க் மன்னர் அனுப்பிய கப்பல்கள் முதலில் நாடிப் போனது இலங்கையைத்தான். கண்டி அரசனோடு கூட்டுச் சேர எடுத்த முயற்சி கைகூடவில்லை. அதன் பின்னர் 1620 இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். அந்தக் காலத்தில் நோர்வேயும் டென்மார்க் மன்னரின் கீழ்தான் இருந்தது. 1814 வரை அப்படியே இருந்தது. தரங்கம்பாடி 1845 இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. அந்த வணிகத்தின் முக்கிய பண்டங்களில் மிளகு ஒன்று. கறுவாவின் கதை இதைவிடக் கசப்பானது. இலங்கையின் தென்மேற்குக் கரையோரக் காடுகளில் கறுவாப்பட்டை உரிப்பது சலாகம மக்கள் மீது கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டிருந்தது. போர்த்துக்கேயர் அதற்காகவே கரையைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்களைத் துரத்திய ஒல்லாந்தரும் அதற்காகவே வந்தார்கள். கறுவா யாழ்ப்பாணத்து மண்ணில் விளைகிற பொருள் அன்று என்பதும் உண்மைதான். ஆனாலும் அதை எந்தக் கறியில், எவ்வளவு போடவேண்டும் என்று எமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இன்னொரு காரணத்துக்காகவும் இதை எழுதுகிறோம். வார இறுதித் தமிழ் வகுப்புகளில் பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு கறுவாத் துண்டைக் காட்டிக் கேட்டால் ‘கனெல்’ என்று உடனே சொல்கிறது. கராம்பைக் காட்டினால் ‘நெல்லிக்’ என்கிறது. தமிழ்ப் பெயர் வாயில் வருவதில்லை. பிள்ளையில் பிழை இல்லை. அந்தப் பொருளை அது கையால் தொட்டு, மணந்து, இடித்துப் பார்த்த இடம் பாலர் பாடசாலை. வீட்டுச் சமையலறை அல்ல. வீட்டில் நாம் வேலையால் வந்த களைப்பில் பிள்ளையைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்திவிட்டு அவசரமாகக் கறியை வைத்து இறக்குகிறோம். ஒரு சனிக்கிழமை பின்னேரம், வெளியே மூன்று மணிக்கே இருட்டிவிட்ட நேரத்தில், மேசை முழுக்க மாவைப் பரப்பிப் பிள்ளையோடு இரண்டு மணித்தியாலம் நின்று பாருங்கள். கறுவா, கராம்பு, ஏலம், இடி, அரி, குழை, உருட்டு என்று எத்தனை சொற்கள் தாமாகவே வந்து விழுகின்றன! இந்தச் சொற்களைப் பாடப் புத்தகத்தில் எழுதிப் பாடமாக்கப் பிள்ளைகள் படும் பாடு எமக்குத் தெரியும்.

சரி, விடயத்துக்கு வருவோம்.

கடையில் வாங்க வேண்டியவை: 150 கிராம் பட்டர் அல்லது மாஜரீன், 2 டெசிலீற்றர் சீனி, 1 டெசிலீற்றர் பாணி, 1 டெசிலீற்றர் கிறீம், 450 கிராம் கோதுமை மா, ஒரு தேக்கரண்டி சோடா. சரக்குகளில் கறுவாத் தூள் 2 தேக்கரண்டி. கராம்புத் தூள், வேர்க்கொம்புத் தூள், மிளகுத் தூள் ஒவ்வொன்றும் அரைத் தேக்கரண்டி. இது இங்குள்ள வீடுகளில் பரவலாகப் பழக்கத்தில் உள்ள அளவு. நாம் இதனோடு அரைத் தேக்கரண்டி ஏலக்காய்த் தூளும் சேர்ப்போம், மிளகைச் சற்றுக் கூட்டியும் போடுவோம். அச்சின் அளவைப் பொறுத்து ஏறத்தாழ 80 பிஸ்கற் வரை வரும்.

டெசிலீற்றர் என்றால் 100 மில்லிலீற்றர். இங்குள்ள சமையற் குறிப்புகள் எல்லாம் இந்த அளவில்தான் இருக்கும். ஊரில் நாம் பழகிய பேணியும் சுண்டும் இங்கே உதவாது. ஒரு டெசிலீற்றர் அளவுக் கிண்ணம் எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும், முதலில் அதை வாங்கிக் கொள்ளுங்கள். குறிப்புகளில் ‘தெ எஸ்’ என்று சுருக்கி எழுதியிருந்தால் தேக்கரண்டி, ‘எஸ் எஸ்’ என்றால் மேசைக்கரண்டி.

கடை அலுமாரியில் தேடும்போது தெரிந்திருக்க வேண்டிய பெயர்கள் சில. கோதுமை மா ‘வெத்தெமேல்’. பாணி ‘சீரூப்’, அதிலே வெளிர் நிறமானது, கடும் நிறமானது என்று இரண்டு வகை உண்டு, இதற்கு வெளிர் நிறமே போதும். கிறீம் ‘ஃபிளூத்தெ’. வேர்க்கொம்பு ‘இங்கெஃபேர்’. ஏலம் ‘கார்டெமொம்மெ’. இங்கே எம்மவர் அதிகம் தடுமாறுவது சோடாவில்தான். ‘நாத்ரூன்’ என்பதும் ‘பாக்கெபுல்வெர்’ என்பதும் பக்கத்துப் பக்கத்தில், ஏறத்தாழ ஒரே மாதிரிப் பெட்டிகளில் இருக்கும். எமக்குத் தேவையானது நாத்ரூன், அதாவது ஊரில் அப்பச்சோடா என்று வாங்குவோமே அது. மற்றது சோடாவோடு புளிப்பு உப்பும் மாப்பொருளும் கலந்த பேக்கிங் பவுடர்; அதன் வீச்சுக் குறைவு. வீட்டில் அதுதான் இருக்கிறது என்றால் ஒரு தேக்கரண்டிக்குப் பதிலாக மூன்று போடலாம். ஆனால் பிஸ்கற் அந்த அளவுக்குச் சிவக்காது. பழைய குறிப்புகளில் ‘யோர்த்தெதக்சால்ட்’ என்று ஒன்றைக் காண்பீர்கள். அது அமோனியா உப்பு. சுடும்போது வீடு முழுக்க மூக்கைத் துளைக்கும், வெந்து ஆறியதும் மணம் போய்விடும். அது சேர்ந்த பச்சை மாவைப் பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது. எமது குறிப்புக்கு அது தேவையில்லை.

கறுவா பற்றி ஒரு சொல். இங்கு தூளாக விற்கப்படுவதில் பெரும்பகுதி இலங்கைக் கறுவா அன்று. அதன் ஒன்றுவிட்ட சகோதரமான காசியா. பட்டையாக வாங்கினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இலங்கைக் கறுவா கடதாசி போன்ற மெல்லிய சுருள்கள் பல ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய சுருட்டுப் போல இருக்கும், விரலால் நொறுக்கலாம். காசியா தடித்த ஒரே பட்டை, மரத்துண்டு போல. காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம் உண்டு. அது அளவுக்கு மிஞ்சி நெடுநாள் உள்ளே போனால் ஈரலுக்குக் கூடாது. இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2008 இல் இயற்றிய சட்டத்தில் கறுவா சேர்த்த வெதுப்பிய பண்டங்களுக்கு கூமரின் உச்ச அளவைக் குறித்து வைத்தது. நத்தார் காலத்தில் பத்துப் பிஸ்கற் தின்பதால் ஒன்றும் ஆகிவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் தினமும் கஞ்சியில் கறுவாத் தூளைத் தூவிக் கொடுக்கிற பழக்கம் உள்ள வீடுகளில், சிறு பிள்ளைகளுக்காக இலங்கைக் கறுவாவை வாங்குவது நல்லது. தமிழ்க் கடைகளில் பட்டையாகக் கிடைக்கும். கோப்பி அரைக்கும் இயந்திரத்தில் நொடியில் தூளாகிவிடும். பிறகு அதில் அரைக்கிற கோப்பியும் இரண்டு நாளைக்குக் கறுவா மணக்கும், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

செய்கின்ற விதம் இதோ. பட்டர், சீனி, பாணி மூன்றையும் ஒரு சட்டியில் போட்டு இளஞ்சூட்டில் வைத்துக் கிண்டுங்கள். சீனி கரைந்தால் போதும், கொதித்துப் பாகு பதத்துக்குப் போகவிடக் கூடாது. இறக்கி, விரல் வைக்கக் கூடிய சூட்டுக்கு ஆறவிட்டுக் கிறீமைச் சேருங்கள். மாவையும் சோடாவையும் சரக்குத் தூள்களையும் ஒன்றாக அரித்தெடுத்து, சட்டியில் உள்ளதை ஊற்றிக் குழையுங்கள். இந்த இடத்தில் எல்லோரும் பயந்து போவார்கள், ஏனென்றால் மா களி போலத் தளர்வாக இருக்கும். ரொட்டிக்குக் குழைக்கிற எமது கை உடனே இன்னும் மாவை அள்ளிப் போடச் சொல்லும். போடாதீர்கள். சூட்டில் பட்டர் உருகியிருப்பதால்தான் அந்தத் தளர்வு. பிளாஸ்ரிக் தாளால் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் கல்லுப் போல இறுகியிருக்கும். இரவு முழுவதும் மா ஈரத்தை உறிஞ்சும், சரக்குகளின் சாரமும் உள்ளே இறங்கும். அன்றே குழைத்து அன்றே சுட்டதற்கும் ஓர் இரவு வைத்ததற்கும் சுவையில் பெரிய வித்தியாசம் உண்டு. ரொட்டிக்குப் போல இழுத்து இழுத்துப் பிசையவும் வேண்டாம்; பிசையப் பிசையப் பிஸ்கற் கடினமாகும், அச்சில் வெட்டிய வடிவமும் சுடும்போது சுருங்கும்.

மறுநாள் மாவில் ஒரு பங்கை மட்டும் வெளியே எடுத்து, மற்றதைக் குளிரிலேயே விடுங்கள். வெதுப்பும் தாளின் மேலேயே வைத்து 3 மில்லிமீற்றர் தடிப்புக்கு உருட்டுங்கள். அச்சால் வெட்டிய பிறகு பிஸ்கற்றைத் தூக்காமல், சுற்றியுள்ள மீதி மாவை உரித்து எடுத்துவிட்டால் வடிவம் கெடாது. தாளோடு தூக்கித் தட்டில் வைக்கலாம். பெரிய அச்சையும் சின்ன அச்சையும் ஒரே தட்டில் கலக்காதீர்கள், பெரியது வேகும் முன் சின்னது கருகிவிடும். அச்சு இல்லையென்றால் தேநீர்க் குவளையின் வாயே போதும். பிள்ளைகள் கத்தி முனையால் தங்கள் பெயரின் முதல் எழுத்தை வெட்டட்டும். ‘அ’ வெட்டுவது கடினம், ‘ப’ மிகச் சுலபம். ‘ழ’ வெட்டிக் காட்டிய ஒரு பிள்ளையை நாம் பார்த்திருக்கிறோம். வெந்து வந்தபோது அதன் கால் மட்டும் உடைந்துவிட்டது.

இனி ஓவன். எம்மவர் வீடுகளில் பலவற்றில் ஓவன் என்பது தாச்சியும் பெரிய சட்டிகளும் அடுக்கி வைக்கிற அலுமாரி. முதலில் அவற்றை வெளியே எடுங்கள்! உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைத்துவிடுங்கள், இல்லையேல் புகைந்து எச்சரிக்கை மணி அலறும். முகப்பில் உள்ள திருகியில் சில குறிகள் இருக்கும். ஒரு பெட்டிக்குள் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு இருந்தால் மேல் கீழ் இரு பக்கச் சூடு. காற்றாடிப் படம் இருந்தால் சூட்டுக் காற்றுச் சுழலும். இரு பக்கச் சூட்டில் 175 பாகை, காற்றாடியில் 160 பாகை. நடுத் தட்டில் 8 முதல் 10 நிமிடம். வெளியே எடுக்கும்போது பிஸ்கற் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று நினைத்துத் திரும்பவும் உள்ளே தள்ளாதீர்கள், ஆறும்போதுதான் மொறுமொறுப்பு வரும். ஓரம் இலேசாகச் சிவந்திருந்தால் சரி. வீட்டுக்கு வீடு ஓவன் மாறுபடுவதால், முதலில் நான்கைந்தை மட்டும் சுட்டுப் பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள்.

மார்கழியில் எமக்கு விரத நாட்கள் அதிகம். பிள்ளையார் பெருங்கதையும் திருவெம்பாவையும் பெரும்பாலும் இந்தப் பிஸ்கற் சுடுகிற நாட்களிலேயே வருகின்றன. மேலே சொன்ன குறிப்பில் முட்டை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். விரதகாரரும் கூச்சமில்லாமல் சாப்பிடலாம். ஆனால் கடையில் வாங்குவதையும் பாடசாலையில் கொடுப்பதையும் பொருட்பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முட்டை சேர்க்கிற குறிப்புகளும் இருக்கின்றன. மேலே கோலம் போல வரைகிற வெள்ளைச் சீனிப் பூச்சு வழமையாக முட்டை வெள்ளையில் செய்யப்படுகிறது. ‘மெலிஸ்’ என்கிற மாச்சீனியைச் சில துளி எலுமிச்சம் புளியும் தண்ணீரும் விட்டுக் குழைத்தால் முட்டை இல்லாமலே அது கிடைக்கும். பெப்பர்காக்கர் வீடு கட்டி அலங்கரிக்கிற இழுவை மிட்டாய்களில் பலவற்றில் ஜெலற்றின் உண்டு, அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது. சைவ உணவுக்காரர் இதை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இந்த நாட்டில் கேட்பதை யாரும் குறையாக எடுப்பதில்லை. பிள்ளை அங்கே தனியாக முடிவெடுக்க நேர்ந்து, தின்றுவிட்டு வந்து வீட்டில் ஒளிப்பதுதான் துயரமானது.

நத்தார்ப் பலகாரத்தை நாம் ஏன் சுடவேண்டும் என்று கேட்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் கவலையை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் ஊரில் கிறிஸ்தவ அயலவர் நத்தாருக்குத் தந்த பலகாரத்தை நாம் வாங்கிச் சாப்பிட்டோம். தைப்பொங்கலுக்கு எமது பொங்கல் அவர்கள் வீட்டுக்குப் போனது. இங்கும் அதே கொடுக்கல் வாங்கல்தான். ஒரு நோர்வேஜிய அயலவருக்கு எமது பலகாரத் தட்டைக் கொடுத்தால் எதை முதலில் தொடுவது என்று அவர் யோசிப்பார். மிளகும் ஏலமும் தூக்கலாகப் போட்ட பெப்பர்காக்கர் பத்தை ஒரு பையில் கட்டிக் கொடுத்துப் பாருங்கள். அவருக்குத் தெரிந்த பண்டம், ஆனால் அவர் வீட்டில் வராத மணம். எப்படிச் செய்தீர்கள் என்று அவரே கதையைத் தொடங்குவார். மொழி படிக்கிற புதியவர்களுக்கு இதைவிடச் சுலபமான முதற் பேச்சு கிடைக்காது.

இங்குள்ள பிள்ளைகள் இதைச் சுடும்போது பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. தூர்பியோர்ன் எக்னர் 1953 இல் வெளியிட்ட ஹாக்கெபாக்கெக் காட்டு மிருகங்களின் கதையில் வருவது அது. முயல் ஒரு வெதுப்பகக்காரன், அவனுக்கு ஒரு கையாள். பாட்டாகச் சொல்லிக் கொடுத்த செய்முறையில் கையாள் அளவை மாற்றி, சீனி போட வேண்டிய அளவுக்கு மிளகைக் கொட்டிவிடுவான். பிறகு ஒரே தும்மல்! நூலகத்தில் புத்தகமாகவும் இறுவட்டாகவும் கிடைக்கும். பிள்ளை வீட்டில் திரும்பத் திரும்பப் பாடுவது என்னவென்று தெரிந்துகொள்ளப் பெற்றோரும் ஒருமுறை கேட்டு வைப்பது நல்லது. பேர்கன் நகரில் 1991 முதல் ஒவ்வொரு வருடமும் பாலர் பாடசாலைகளும் வகுப்புகளும் குடும்பங்களும் சுட்டுக் கொண்டுவந்த பெப்பர்காக்கர் வீடுகளால் ஒரு முழு நகரத்தையே அமைத்துக் காட்சிக்கு வைக்கிறார்கள். 2009 இல் யாரோ இரவில் புகுந்து அதை அடித்து நொறுக்கினார்கள். ஊர் மக்கள் மீண்டும் சுட்டுக் கொண்டுவந்து கட்டினார்கள். பேர்கன் பக்கம் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

வீட்டில் வீடு கட்டுவதானால் சுவர்களை ஒட்ட உருக்கிய சீனியைப் பயன்படுத்துவார்கள். அது கொதிநீரைவிட மிகவும் சூடானது, தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். அந்த வேலை பெரியவர்களுடையது.

பாணிக்குப் பதிலாகப் பனங்கட்டி போடலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகப் போடலாம். 100 கிராம் பனங்கட்டியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, மண் போக வடித்து எடுங்கள். நிறம் கறுக்கும், மொறுமொறுப்புச் சற்றுக் குறையும், ஆனால் மணம் தனி. நீரிழிவு உள்ளவர்கள் அது வேறு இது வேறு என்று எண்ணிவிட வேண்டாம், பனங்கட்டியும் சீனிதான். 80 பிஸ்கற்றாகச் சுட்டால் ஒன்றில் ஏறத்தாழ 4 கிராம் சீனி இருக்கும், கணக்கு வைத்துச் சாப்பிடுங்கள்.

இந்த நாட்டில் நத்தாருக்கு ஏழு வகைப் பலகாரம் சுட வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அந்த வகைகளில் ‘ரூசெட்பக்கெல்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. பூ வடிவ இரும்பு அச்சைச் சூடான எண்ணெயில் காய்ச்சி, மாக் கரைசலில் தோய்த்துத் திரும்ப எண்ணெயில் விட்டு எடுப்பது. எமது அச்சுப் பலகாரமேதான்! அந்த அச்சு இங்கே பழைய பொருட்கள் விற்கும் கடைகளில் மலிவாக அகப்படும். கண்டால் விடாதீர்கள், தைப்பொங்கலுக்கு உதவும்.

சுட்ட பிஸ்கற் நன்றாக ஆறிய பிறகு மூடி இறுக்கமான தகரப் பேணியில் அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் வியர்த்து நமுத்துப் போகும். நமுத்துவிட்டால் 150 பாகையில் மூன்று நிமிடம் காட்டி எடுத்தால் சரியாகிவிடும். ஒரு மாதம் கெடாமல் இருக்கும். உடைந்த துண்டுகளை எறிந்துவிடாமல் இடித்துத் தூளாக்கி, உருக்கிய பட்டரில் பிசைந்து ஒரு தட்டில் அழுத்தி, மேலே தயிரும் பழத் துண்டும் பரப்பிக் குளிரவைத்தால் விருந்தாளிகளுக்கு நல்ல புடிங். யன்னலில் தொங்கவிட விரும்பினால், சுடுவதற்கு முன்பே வைக்கோல் குழாயால் மேலே ஒரு துளை போட்டு வையுங்கள், வெந்த பிறகு போட்டால் பிளந்துவிடும்.